சிப்பிப்பாறைக்கு ஏற்ற மார்ட்டிங்கேல் பட்டையும் ஐந்தடிக் கயிறும்: பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறேன்

சென்னையில் சிப்பிப்பாறை, கன்னி மாதிரியான நாட்டு வேட்டை நாய் வளர்க்கிறீர்களா? அப்படியானால் முதலில் மாற்ற வேண்டியது அதன் கழுத்துப் பட்டையை. பெட் ஷாப்பில் வரிசையாகத் தொங்குகிற, பக்கிள் வைத்த நைலான் பட்டை லாப்ரடாருக்குச் சரி, பக் (pug) நாய்க்கும் சரி. நம் ஊர் வேட்டை நாய்களுக்கு அது உதவாது. நான் இப்போது பயன்படுத்துவது மார்ட்டிங்கேல் என்கிற இரட்டை வளையப் பட்டை. அதோடு ஐந்தடி நீளமுள்ள சாதாரணக் கயிறு. இரண்டையும் ஒரு கோடை, ஒரு மழைக்காலம் முழுக்கப் பயன்படுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய பட்டை ஏன் உதவாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிப்பிப்பாறையின் தலையை மேலிருந்து பாருங்கள். நீளமாக, ஒடுங்கி இருக்கும். காதுக்குப் பின்னால் கழுத்தின் சுற்றளவும் தலையின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றுதான், சில நாய்களுக்குக் கழுத்தே கொஞ்சம் பெரிது. லாப்ரடாருக்குத் தலை பெரியது, அதனால் பட்டை அங்கே தடுத்து நிற்கும். சிப்பிப்பாறைக்குத் தடுக்க எதுவுமே கிடையாது. பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்து, தலையைத் தாழ்த்தி, ஒரு உதறு உதறினால் பட்டை காதைத் தாண்டி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கழன்று விடுமோ என்று பயந்து இறுக்கிக் கட்டினால் தொண்டை நெரிந்து இருமும். இரண்டும் வேண்டாமென்றால் அளவைச் சரி செய்து பயனில்லை, பட்டையின் அமைப்பே மாற வேண்டும்.

எங்கள் செவலை கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். அண்ணன் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தான். ஊரில் எங்கள் தாத்தா வீட்டு நாய்கள் எதற்கும் கயிறு கட்டிப் பார்த்ததில்லை. காட்டுக்குப் போகும், திரும்பி வரும். இப்போது நாங்கள் இருக்கிற சென்னை நங்கநல்லூரில் அது நடக்காது. ஒரு பக்கம் ரயில் பாதை, அதைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. சாலை, உள்ளே பைக்கும் தண்ணீர் லாரியும் திரும்புகிற சின்னச் சின்னத் தெருக்கள். தீபாவளிக்கு முந்தின ஒரு மாலையில் தெருமுனையில் யாரோ சரம் கொளுத்தினார்கள். செவலை பின்னால் நகர்ந்தான், தலையைக் குனிந்தான், அவ்வளவுதான். என் கையில் கயிறு இருக்கிறது, கயிற்றின் நுனியில் பூட்டிய பட்டை இருக்கிறது, நாய் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தைச் சில நொடியில் கடந்துவிடுகிற இனம் அது. பழவந்தாங்கல் சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை அண்ணன் பிஸ்கட்டைக் காட்டி அவனை உட்கார வைத்திருந்தார். வழியில் ஒரு ஸ்கூட்டர் அக்கா பிரேக் போட்டுச் சறுக்கியிருக்கிறார். நல்லவேளையாக அவருக்கு அடியில்லை. அன்று இரவு அந்தப் பட்டையைக் கத்திரியால் வெட்டிக் குப்பையில் போட்டேன், வேறு யாரும் எடுத்துப் போட்டுவிடக் கூடாது என்று.

மாநகராட்சி விதி என்ன சொல்கிறது என்பது இப்போது பெரும்பாலானோருக்குத் தெரியும். பொது இடத்துக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தால் கயிறு கட்ட வேண்டும், வாய்மூடி போட வேண்டும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகுதான் இந்த விஷயத்தில் சூடு பிடித்தது. உரிமம் எடுக்காதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம், மைக்ரோசிப் கட்டாயம் என்று 2025-இல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் புதிய உரிமம் கிடையாது என்றும் முடிவானது. உரிமக் கட்டணம் வருடத்துக்கு 50 ரூபாய்தான். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இருந்தால் ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எடுங்கள்.

ஆனால் கயிறு கட்டினால் விதியை மதித்துவிட்டோம் என்று பலரும் நினைக்கிறார்கள், அங்கேதான் எனக்கு வருத்தம். நாயை நாம் பிடித்து நிறுத்த முடிய வேண்டும், விதி எதிர்பார்ப்பது அதைத்தான். மாநகராட்சி விதியை விடுங்கள், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு இருக்கிறது. தன்னிடம் உள்ள விலங்கால் மற்றவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராதபடி போதுமான ஏற்பாட்டைச் செய்யாமல் அலட்சியமாக இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘போதுமான’ என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு உங்கள் நாயின் பட்டையைப் பாருங்கள். உதறினால் கழன்று வருகிற பட்டை போதுமானதா? அந்த ஸ்கூட்டர் அக்கா கீழே விழுந்து அடிபட்டிருந்தால் ‘கயிறு கட்டித்தான் கூட்டி வந்தேன்’ என்று நான் எந்த முகத்தோடு சொல்லியிருப்பேன்?

இனி மார்ட்டிங்கேலுக்கு வருவோம். வெளிநாடுகளில் கிரேஹவுண்ட் வளர்ப்பவர்கள் பல காலமாக இதைத்தான் போடுகிறார்கள். நம் சிப்பிப்பாறையும் அதே உடல்வாகுதான், கண்ணால் பார்த்துத் துரத்துகிற இனம். பட்டையில் இரண்டு வளையங்கள் உண்டு. பெரிய வளையம் கழுத்தைச் சுற்றி இருக்கும், அதன் இரு முனைகளும் ஒன்றோடொன்று சேராது. அந்த இரு முனைகளிலும் இரும்பு வளையம் வைத்து, அவற்றின் வழியாக ஒரு சின்ன வார் ஓடும். கயிற்றின் கொக்கியை மாட்டுவது அந்தச் சின்ன வாரில். நாய் சும்மா நடக்கும்போது பட்டை தளர்வாகக் கிடக்கும். பின்னால் இழுத்தால் சின்ன வார் விரிந்து பெரிய வளையத்தைச் சுருக்கும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் சுருங்காது, அதனால் கழுத்து நெரியாது. இழுப்பை நிறுத்திய உடனே பழையபடி தளர்ந்துவிடும். சுருக்குச் சங்கிலி போட்டுப் பழக்குகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்கு நிறுத்தம் என்பதே கிடையாது, இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே போகும். சிப்பிப்பாறையின் மெல்லிய தோலுக்கு அதைப் போடாதீர்கள், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் வாங்கியது கோவையில் வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் ஒருவரிடம். பெரிய கடைகளில் கேட்டால் “மார்ட்டிங்கேலா, அது வராதுங்க மேடம், இதுவே நல்லா போகுது” என்று பழைய பட்டையையே நீட்டினார்கள். ஒரு கடையில் சிப்பிப்பாறைக்கு என்று கேட்டதற்கு கிரேட் டேன் அளவை எடுத்துக் காட்டினார்கள். சிப்பிப்பாறையையும் ராஜபாளையத்தையும் தேசியப் பதிவில் தனி இனங்களாக 2020-லேயே சேர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டுத் தலைநகரில் தமிழ்நாட்டு நாயின் கழுத்துக்கு ஒரு பட்டை கடையில் கிடைக்கவில்லை என்பது எனக்கு நிஜமாகவே வலித்தது.

பட்டை 650 ரூபாய். ஒன்றரை அங்குல அகலம், வெளியே நைலான் வார், உள்ளே பருத்தித் துணி. இந்த அகலம் முக்கியம். ஒடிசலான கழுத்து, தொண்டைக்கு மேல் தோல்தான் இருக்கிறது, கொழுப்பே கிடையாது. மெல்லிய வார் ஒரே இடத்தில் அழுத்தும், அகலமான பட்டை அழுத்தத்தைப் பரப்பிவிடும். தையலைக் கையில் வைத்துப் பார்த்தேன். சின்ன வாரின் முனை மடிந்து சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டிருக்கிறார். பாரம் விழுகிற இடம் அதுதான். வளையங்கள் வாய் சேர வெல்டிங் வைத்தவை. கம்பியை வளைத்து வாயைச் சும்மா நெருக்கி வைத்த வளையமாக இருந்தால் நல்ல இழுப்பில் வாய் பிளந்துவிடும். வாங்கும் முன் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், இடைவெளி தட்டினால் வேண்டாம்.

அளவு வைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பட்டை காதுக்குச் சற்றுப் பின்னால், கழுத்தின் மேல் பகுதியில் உட்கார வேண்டும், கீழே தோள் பக்கம் சரிந்து கிடக்கக் கூடாது. கயிற்றை இழுத்துப் பிடித்தால் இரண்டு இரும்பு வளையங்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது, நடுவே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். தொட்டுவிட்டால் அதற்கு மேல் சுருங்க வழியில்லை, பட்டை பெரிது என்று அர்த்தம். மாட்டியதும் வீட்டுக்குள்ளேயே, கதவைச் சாத்திவிட்டு, நாய்க்கு முன்னால் நின்று மெதுவாக நம் பக்கம் இழுத்துப் பாருங்கள். பயந்த நாய் பின்னால் போவது அந்தக் கோணத்தில்தான். காதைத் தாண்டாமல் நின்றால் தெருவுக்குப் போகலாம்.

குறையும் உண்டு. அளவு மாற்றுகிற பிளாஸ்டிக் கட்டை தினம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. வாரக்கடைசியில் பார்த்தால் அரை அங்குலம் தளர்ந்திருக்கும். இப்போது சரியான அளவில் வார் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், வெளியே கிளம்பும் முன் ஒரு பார்வை பார்த்தால் போதும். அதே கட்டையை உலோகத்தில் போட்டுக் கொடுத்தால் இன்னும் 50 ரூபாய் சேர்த்துக் கொடுப்பேன், அவரிடமே சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, உள்ளே இருக்கிற பருத்தித் துணி மழையில் நனைந்தால் காய்வதற்குள் நாற்றம் பிடித்துவிடுகிறது. நவம்பர், டிசம்பரில் மாற்றுப் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மார்ட்டிங்கேல் வெளியே போகும்போது மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுங்கள். அந்தச் சின்ன வார் கிரில் கேட்டிலோ கட்டில் முனையிலோ மாட்டிக்கொண்டால் நாய் திமிறத் திமிறப் பட்டை இறுகியே நிற்கும், தளராது, பக்கத்தில் ஆள் இல்லையென்றால் ஆபத்து. பெயர், போன் நம்பர் எழுதிய வில்லையைத் தனியாக ஒரு லேசான பட்டையில் போட்டு அதை மட்டும் எப்போதும் கழுத்தில் விட்டு வையுங்கள்.

அடுத்து கயிறு. ஐந்தடி, ஓர் அங்குல அகலம், கைப்பிடி உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது, 480 ரூபாய். பட்டன் அழுத்தினால் நீண்டு சுருங்குகிற டப்பாக் கயிறு இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. தயவுசெய்து வேட்டை நாய்க்கு அதை வாங்காதீர்கள். பதினைந்து அடி ஓட இடம் கொடுத்தால் சிப்பிப்பாறை அதற்குள்ளேயே நல்ல வேகம் எடுத்துவிடும். கயிறு முடிகிற இடத்தில் விழுகிற வெட்டு மொத்தமும் கழுத்தெலும்பில் இறங்கும். அந்த மெல்லிய நூல் நம் காலிலோ குழந்தையின் காலிலோ சுற்றினால் தோலை உரித்துவிடும். கை நழுவி டப்பா கீழே விழுந்தால் ‘கடகட’ என்று நாயின் பின்னாலேயே தெறித்து வரும், அந்தச் சத்தத்துக்குப் பயந்து நாய் இன்னும் வேகமாக ஓடும். ஐந்தடிக் கயிற்றில் அது வேகம் எடுக்கவே இடமில்லை. நங்கநல்லூர் நடைபாதையில், இருக்கிற இடங்களில், இரண்டு பேர் எதிரெதிரே போவதே பெரிய விஷயம், அங்கே அதற்கு மேல் நீளத்துக்கு வேலையும் இல்லை.

இந்தக் கயிற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கொக்கியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிற இரண்டாவது கைப்பிடி. குழந்தைகள் எதிரே வந்தாலோ, லிஃப்ட் கதவு திறந்தாலோ, அந்தக் குட்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டால் நாய் என் முழங்காலோடு ஒட்டி நிற்கும். எங்கள் அடுக்ககத்தில் நாய்க்குப் பயந்தவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் மாடிப் பாட்டி முன்பெல்லாம் செவலையைப் பார்த்தால் லிஃப்டை விட்டு இறங்கிவிடுவார். இப்போது, “பிடிச்சுக்கிட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டு ஓரமாக நிற்கிறார். அவர் பயம் நியாயமானது, அதற்கு நான் கொடுக்கிற மரியாதைதான் அந்தப் பிடி.

கொக்கி மட்டும் எனக்குத் திருப்தியில்லை. முலாம் பூசிய மலிவுக் கலவை. கடற்காற்றும் மழையும் பட்டு ஒரு பருவத்திலேயே ஸ்பிரிங் கரகரக்கத் தொடங்கிவிட்டது. பெசன்ட் நகர் கடற்கரைக்கு அடிக்கடி போகிறவர்கள் பித்தளைக் கொக்கி கேட்டு வாங்குங்கள். நான் ஹார்டுவேர் கடையில் பித்தளைக் கொக்கி வாங்கி, செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கொடுத்து மாற்றித் தைத்துக்கொண்டேன். அவர் மெழுகு நூலில் போட்ட தையல் கம்பெனித் தையலைவிட உறுதியாக இருக்கிறது.

மார்புப் பட்டை (ஹார்னஸ்) போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் கடையில் கிடைக்கிற இரண்டு வார் மார்புப் பட்டை இந்த இனத்துக்கு ஆகாது. நெஞ்சு ஆழம், இடுப்பு ஒல்லி, பின்னால் நகர்ந்தால் சட்டையைக் கழற்றுவதுபோல் கழற்றிவிடும். இடுப்புப் பக்கம் மூன்றாவதாக ஒரு வார் உள்ளதுதான் தாங்கும். விலை இரண்டு மடங்கு. கழுத்தில் புண்ணோ வலியோ உள்ள நாய்க்கு அதையே வாங்குங்கள்.

வாய்மூடி விஷயத்தில் சென்னை வெயிலை மறந்துவிட்டு யாரும் பேசக் கூடாது. துணியில் தைத்த, வாயை இறுக்கி மூடுகிற உறைதான் எங்கும் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மே மாதத்தில் வாயைக் கட்டி நடக்கவிட்டால் அது விதியைக் காப்பாற்றுவது ஆகாது, நாயை வதைப்பது. கூடை மாதிரி பின்னிய வாய்மூடி வாங்குங்கள், உள்ளே வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். நீண்ட மூக்குக்கு ஏற்ற அளவு வேண்டும், மூக்கு நுனிக்கும் கூடைக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருக்கட்டும். செவலைக்குப் பழக்கியது தயிர் வைத்து. கூடையின் உள்பக்கம் தயிரைத் தடவி நீட்டினால் அவனே மூக்கை நுழைத்து நக்குவான். வாரை உடனே பூட்டவில்லை. நக்கி முடித்து வெளியே எடுக்கட்டும் என்று விட்டேன். அப்புறம் நக்கும்போது வாரைக் காதுக்குப் பின்னால் சும்மா வைத்து எடுத்தேன், பிறகு பூட்டினேன். இப்போது கூடையை எடுத்தாலே ஓடி வந்து மூக்கை நீட்டுகிறான்.

தெருநாய்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘தெருநாய்க்கெல்லாம் கயிறா கட்டியிருக்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன்’ என்று வளர்ப்பவர்களே கேட்கிறார்கள். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றுதான் 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை இருக்கிறது. அவை அந்தத் தெருவில் வாழ்கிறவை. நம் நாயைத்தான் நாம் அவற்றின் எல்லைக்குள் கூட்டிப் போகிறோம். கூட்டமாக வந்து குரைத்தால் ஓடாதீர்கள், கயிற்றை இழுத்து நாயைத் தூக்கவும் செய்யாதீர்கள். குட்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டு, நாயை உங்கள் மறுபக்கத்துக்கு மாற்றி, மெதுவாகக் கடந்து போங்கள். இரண்டாவது பிடியின் அருமை அப்போது தெரியும்.

சிப்பிப்பாறையைக் கட்டி வைப்பது பாவம், அது ஓடப் பிறந்த நாய் என்று ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஓட வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தெரிந்தவரின் வேலி போட்ட தோப்புக்குக் கூட்டிப் போகிறோம். கேட்டைச் சாத்திய பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பது. முயல் துரத்த விடுகிற பேச்செல்லாம் வேண்டாம், 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். காலிமனைதானே, ஆளில்லாத பூங்காதானே என்று அவிழ்த்து விடுகிறவர்களைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. வேட்டை நாய் கண்ணில் ஒன்று பட்டுவிட்டால் நாம் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது.

பட்டைக்கு ஐந்துக்கு நாலரை, அந்தப் பிளாஸ்டிக் கட்டைக்காக அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். கயிற்றுக்கு நாலு, கொக்கியை மாற்றிய பிறகு ஐந்தே கொடுக்கலாம். லாப்ரடாரோ பொமரேனியனோ வளர்ப்பவர்களுக்கு இந்தப் பட்டை தேவையில்லை, சாதாரணப் பட்டையே போதும். முன்னாலேயே இழுத்துக்கொண்டு ஓடும் நாயைப் பழக்கவும் இது உதவாது, அதற்கு மார்புப் பட்டையும் பொறுமையும் வேண்டும்.

தைத்துக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் ஆர்டர் கொடுக்கும்போது மூன்று அளவு அனுப்புங்கள்: காதுக்குப் பின்னால் கழுத்தின் மேல்பகுதி, கழுத்தின் நடுப்பகுதி, காதுகளுக்கு முன்னால் தலையின் மிக அகலமான சுற்று. தையல் டேப்பில் எடுங்கள், நூலை வைத்து எடுத்தால் அரை அங்குலம் முன்பின் ஆகிவிடும். தைத்து வரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்பதால், தீபாவளிக்கு வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே சொல்லி வையுங்கள்.